காலி ஸ்டேடியத்துல யாரோட கைதட்டல்? கொரோனா காலத்து டிவி முடிவுகள் ஒரு அலசல்

2020 மார்ச்ல உலகம் பூரா விளையாட்டு நின்னுபோச்சு, சேனல்காரங்க பழைய மேட்ச்சையே திரும்பத் திரும்ப ஓட்டினாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, வேற என்னத்த காட்டுவாங்க. பிரச்சனை அதுக்கப்புறம்தான். ஒவ்வொரு லீக்கா ஆளே இல்லாத ஸ்டேடியத்துல திரும்ப ஆரம்பிச்சப்போ, காலியா கெடக்குற சீட்ட எப்படி காட்டுறது, சத்தத்துக்கு என்ன பண்றது, ஓவருக்கு நடுவுல என்ன விளம்பரம் போடுறதுன்னு ஆளுக்கு ஒரு முடிவு எடுத்தாங்க. சிலது நல்ல முடிவு, சிலது இன்னைக்கு யோசிச்சாலும் எதுக்குன்னே புரியல. ஜோடி ஜோடியா வெச்சு பாக்கலாம். நான் எல்லாத்துக்கும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: வெளிய என்ன நடக்குதுன்னு பாக்குறவங்களுக்கு தெரியும்ங்கறத அந்த சேனலோ கம்பெனியோ மதிச்சுதா, இல்ல எதுவுமே நடக்காத மாதிரி மூடி மறைக்கப் பாத்துச்சா?

மொதல்ல சத்தம். ஐரோப்பாவோட பெரிய ஃபுட்பால் லீக்ல முதல்ல திரும்பி வந்தது ஜெர்மனியோட பண்டஸ்லிகா, 2020 மே 16. அன்னைக்கு டார்ட்மண்ட் - ஷால்கே மேட்ச், வழக்கமா 80,000 பேருக்கு மேல கூடி கத்துற மைதானம், ஈ காக்கா இல்ல. டார்ட்மண்ட்டோட ஹாலண்ட் முதல் கோல் அடிச்சாரு, யாரும் கட்டிப்புடிக்காம தள்ளி நின்னே கொண்டாடினாங்க, 4-0ன்னு டார்ட்மண்ட் ஜெயிச்சுது. பந்த உதைக்கிற சத்தம், கோல்கீப்பர் தன் ஆளுங்கள பாத்து கத்துறது, கோச் போடுற கூச்சல் எல்லாம் எதிரொலியோட கேட்டுச்சு. நெறைய பேருக்கு அது தாங்கல, ஏதோ பயிற்சி மேட்ச் பாக்குற மாதிரி இருக்குன்னாங்க, அந்த ஆதங்கமும் நியாயம்தான், அதனால ஜெர்மனில ஸ்கை சேனல் கூட்டச் சத்தம் சேத்த ஒலி ஒண்ணு, சேக்காத ஒலி ஒண்ணுன்னு ரெண்டையும் குடுத்துச்சு. ஜூன் 17ல இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆரம்பிச்சப்போ அங்கயும் அதே வழிதான், ஸ்கை ஸ்போர்ட்ஸ் ஈஏ ஸ்போர்ட்ஸோட ஃபிஃபா வீடியோ கேம்ல இருந்த கூட்டச் சத்தத்த, அந்தந்த டீமோட பாட்டுகளோட சேத்து போட்டுச்சு, வேணாம்னா சத்தமில்லாமயும் பாக்கலாம்.

இது போலிதான், ஆனா போலின்னு சொல்லிட்டு குடுத்த போலி, வேணாம்னு சொல்ற உரிமையும் கூடவே இருந்துச்சு. அதனால எனக்கு இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

நம்ம ஐபிஎல்ல என்ன ஆச்சு? 2020 செப்டம்பர் 19, அபுதாபி, மும்பை - சென்னை, ராயுடு 71 அடிச்சு சென்னை ஜெயிச்ச மேட்ச், அன்னைலேருந்தே ஸ்டார் ஸ்போர்ட்ஸ்ல பதிவு பண்ண கூட்டச் சத்தம் ஓட ஆரம்பிச்சுது. நான் பாத்த ஒளிபரப்புல அத அணைக்க வழியே இல்ல. பிடிச்சாலும் பிடிக்கலைனாலும் கேட்டுத்தான் ஆகணும். ஃபுட்பால்ல சத்தம் 90 நிமிஷமும் ஒரே ஓட்டமா போகும், அதனால போலி சத்தம் ஓரளவுக்கு ஒட்டிக்கும், கிரிக்கெட் அப்படி இல்லையே, பந்து போடுறதுக்கு முன்னாடி ஒரு அமைதி, பட்டதும் ஒரு எழுச்சி, கேட்ச் பறக்குறப்போ மூச்ச புடிச்சுக்கிற ஒரு நொடி, அதெல்லாம் பட்டன் அமுக்கி ஏத்தி இறக்குற சத்தத்துல வராது. அதவிட பெரிய நஷ்டம் ஸ்டம்ப் மைக், அதாவது ஸ்டம்ப்கிட்ட வெச்சு ஆட்டக்காரங்க பேச்ச பிடிக்கிற மைக். தோனி கீப்பிங் நிக்கிறப்போ பவுலர்கிட்ட என்ன சொல்றாருன்னு கேக்க நம்மாளுங்க எவ்வளவு ஆசப்படுவாங்க, கொல்கத்தா டீம்ல தினேஷ் கார்த்திக்கும் வருண் சக்கரவர்த்தியும் தமிழ்லயே பேசிக்கிறத கேக்குறதுல எவ்வளவு சந்தோஷம், கூட்டமே இல்லாத சீசன்ல அதெல்லாம் தெளிவா காதுல விழ வாழ்க்கைல கெடைக்காத ஒரு வாய்ப்பு அது, அத எடுத்து ரெக்கார்டிங்கால மூடிட்டாங்க. செப்டம்பர் 27ல ஷார்ஜால ராஜஸ்தானோட தெவாட்டியா, பவுலர் காட்ரெல்லோட ஒரே ஓவர்ல அஞ்சு சிக்ஸ் அடிச்சாரே, அந்த ஓவர்ல ராஜஸ்தான் டக்அவுட் என்ன கத்து கத்தியிருக்கும், அதுதான் எனக்கு வேணும்.

நிஜ கூட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்க சேப்பாக்கத்தவிட நல்ல உதாரணம் கெடைக்காது. 2021 பிப்ரவரி 5ல இங்கிலாந்தோட முதல் டெஸ்ட், பார்வையாளருக்கு அனுமதி இல்ல, ரூட் 218 அடிச்சாரு, 227 ரன்ல தோத்தோம். அதே ஊரு, அதே மைதானம், அதே ரெண்டு டீம், பிப்ரவரி 13ல ரெண்டாவது டெஸ்ட், பாதி ஸ்டேடியத்துக்கு ஆள விட்டாங்க. கோலி கூட்டத்த பாத்து விசில் அடிங்கன்னாரு, அடிச்சாங்க. அஷ்வின் சொந்த ஊர்ல 106 அடிச்சப்போ கடைசி ஆளா நின்ன சிராஜ் ஒவ்வொரு பந்த தடுக்கிறப்பவும் ஏதோ சிக்ஸ் போன மாதிரி ஒரு ஆரவாரம், அஷ்வின் நூறு தொட்டப்போ சிராஜ் அவரவிட அதிகமா குதிச்சாரு. தடுத்த பந்துக்கு கத்தணும்னு எந்த ரெக்கார்டிங்குக்கு தெரியும்? 317 ரன்ல ஜெயிச்சோம். அந்த மேட்ச்ச பாத்தப்புறம் போலி சத்தம் மேல இருந்த கொஞ்ச நஞ்ச பொறுமையும் எனக்கு போயிடுச்சு.

காட்சி பக்கம் வந்தா இன்னும் விசித்திரம். ஸ்பெயினோட ஃபுட்பால் லீக்கான லா லிகால காலி சீட்டு மேல கம்ப்யூட்டர்ல வரைஞ்ச கூட்டத்த ஒட்டினாங்க, தூரத்து கேமரால கூட்டம் இருக்கும், பக்கத்துக்கு வந்தா காலி சீட்டு. அமெரிக்கால ஃபாக்ஸ் சேனல் 2020 ஜூலை கடைசில பேஸ்பால்ல இதையே பண்ணுச்சு, ஒரு ஷாட்ல ஆளுங்க, அடுத்த ஷாட்ல மாயம். கண்ணுக்கு எதிர்லயே பொய் கலையுது, அப்புறம் எப்படி மனசு ஆட்டத்துல நிக்கும்? இதுக்கு நேர் எதிர்ல அமெரிக்காவோட பேஸ்கட்பால் லீக் என்பிஏ. ஒர்லாண்டோல டிஸ்னி வளாகத்துக்குள்ள எல்லாரையும் வெச்சு ஜூலை 30ல ஆரம்பிச்சாங்க, கோர்ட்ட சுத்தி பெரிய பெரிய திரை, அதுல வீட்லேருந்து மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் வழியா உக்காந்திருக்கிற நிஜ ரசிகர்கள் முகம். ரசிகர் வீட்லதான் இருக்காருன்னு ஒத்துக்கிட்டு, அந்த வீட்டையே உள்ள கொண்டு வந்தாங்க. இந்த வரிசைல எனக்கு முதல் இடம் அதுக்குத்தான். கடைசி இடம் தென் கொரியாவோட எஃப்சி சோல் கிளப்புக்கு, 2020 மே 17ல காலி சீட்டுல பொம்மைகள உக்கார வெச்சாங்க, அது பாலியல் பொம்மைகள்னு டிவில பாத்த ஜனங்க கண்டுபிடிச்சு, லீக் 10 கோடி வோன் அபராதம் போட்டுச்சு. சோதிச்சு பாக்காம சீட்ட நிரப்புறதுலயே குறியா இருந்தா இதுதான் நடக்கும்.

காசு விஷயத்துல இங்கிலாந்து ஒரே வருஷத்துல ரெண்டு பக்கமும் நின்னு காமிச்சுது. 2020 கோடைல மிச்சமிருந்த 92 மேட்ச்சையும் நேரலைல காட்டினாங்க, அதுல நாலு பிபிசில, பிரீமியர் லீக் மேட்ச் பிபிசில நேரலையா வந்ததே அதுதான் முதல் தடவை. அக்டோபர்ல அதே லீக், சந்தா கட்டி பாக்குறவங்ககிட்டயே சில மேட்ச்சுக்கு தனியா 14.95 பவுண்டு கேட்டுச்சு. ஸ்டேடியத்துக்கு போகவும் முடியாது, பாதிப் பேருக்கு வேல என்னாகும்னு தெரியாது, அந்த நேரத்துல இப்படி ஒரு விலை. நியூகாசில் ரசிகர்கள் அந்த காச சேனலுக்கு குடுக்காம உள்ளூர் உணவு வங்கிக்கு அனுப்பினாங்க, மத்த ஊரு ரசிகர்களும் சேந்துக்கிட்டாங்க, நவம்பர்ல லீக் பின்வாங்கிடுச்சு. எனக்கு தெரிஞ்சு அந்த வருஷம் பாக்குறவங்க ஒரு ஒளிபரப்பு முடிவ நேரடியா மாத்தினது இதுதான், ரொம்ப பெருமையான விஷயம்.

நம்ம ஊரு விளம்பரத்துக்கு வருவோம். 2020 மார்ச்ல லைஃப்பாய் ஒரு விளம்பரம் குடுத்துச்சு, எங்க சோப்புதான்னு இல்ல, கைல கெடைக்கிற எந்த சோப்பாலயும் கை கழுவுங்கன்னு சொல்லி போட்டி சோப்புகளான டெட்டால், சந்தூர், கோத்ரெஜ் நம்பர் 1 பேரையும் போட்டுச்சு. அசந்துட்டேன். அதே மாசம் டெட்டால் ஹேண்ட்வாஷ் விளம்பரம் சோப்புக்கட்டிய மட்டமா காட்டுதுன்னு லைஃப்பாய் கம்பெனியான அதே இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் ஹைகோர்ட்டுக்கு போக, டெட்டால் தரப்பு அந்த விளம்பரத்த கொஞ்ச நாளைக்கு நிறுத்துறோம்னு ஒத்துக்கிச்சு. பத்து ரூபா சோப்புக்கட்டிதான் பெரும்பாலான வீட்ல இருக்கிற ஒரே ஆயுதம், அது போதாதுன்னு ஜனங்கள பயமுறுத்துற விளம்பரம் அந்த நேரத்துல வரலாமா?

ஐபிஎல் சமயத்துல பயத்த விக்கிறது இன்னும் அதிகமாச்சு. பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டிக் கெடக்கு, புள்ள படிப்பு என்னாகுமோன்னு பெத்தவங்க கலங்கிட்டு இருக்காங்க, அப்ப பாத்து ஆன்லைன்ல கோடிங் சொல்லித்தர்ற ஒயிட்ஹேட் ஜூனியர் கம்பெனி, கோடிங் கத்துக்கிட்ட சின்னப் பையன் கோடி கோடியா சம்பாதிக்கிற மாதிரி விளம்பரம் பண்ணுச்சு, விளம்பர தர கவுன்சில் தலையிட்டு அக்டோபர்ல அஞ்சு விளம்பரத்த திரும்ப வாங்க வெச்சுது. இன்னொரு பக்கம் ஐபிஎல்லோட டைட்டில் ஸ்பான்சரே, காசு கட்டி கற்பனை டீம் போட்டு ஆடுற ஆப்பான ட்ரீம்11, விவோ வருஷத்துக்கு சுமார் 440 கோடி குடுத்துட்டு இருந்த இடத்த 222 கோடிக்கு எடுத்துச்சு. வேல போன, சம்பளம் வெட்டுப்பட்ட ஆளுங்க வீட்ல உக்காந்து பாக்குற மேட்ச், ஓவருக்கு ஓவர் டீம் போடு காசு ஜெயின்னு கூப்பிடுற விளம்பரம். பணம் வெச்சு ஆடுற விளம்பரத்துல நஷ்டம் வரும்னு எச்சரிக்கை போடணும், இத வருமான வழியா காட்டக்கூடாதுன்னு விதி அமலுக்கு வந்தது டிசம்பர் 15ல. ஃபைனல் முடிஞ்சது நவம்பர் 10ல! ஒரு முழு சீசன் போனதுக்கப்புறம் வந்த எச்சரிக்கை யாருக்கு பிரயோஜனம்னு கேக்கத்தான் தோணுது.

ஆனா இதெல்லாத்தையும் விட எனக்கு மனசு ஆறாதது 2021 ஏப்ரல். ஏப்ரல் 9ல சேப்பாக்கத்துல ஐபிஎல் ஆரம்பிச்சப்பவே ரெண்டாவது அலை ஏறிட்டு இருந்துச்சு, மூணாவது வாரத்துல ஒரு நாளைக்கு 3 லட்சம் கேஸ தாண்டியாச்சு, ஆக்சிஜன் கெடைக்காம ஆஸ்பத்திரி வாசல்ல ஜனங்க நின்னாங்க. செய்தி சேனல்ல மயானம், ரிமோட்ட ஒரு தடவை அமுக்கினா பளபளன்னு ஸ்டூடியோ, பட்டாசு கிராஃபிக்ஸ், அதே ரெக்கார்ட் பண்ண ஆரவாரம். வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்குற ஜனங்களுக்கு தெனமும் ரெண்டு மூணு மணி நேரமாவது ஆறுதல் வேணும்ங்கற வாதத்த நான் லேசா தள்ளல, எனக்கே அது தேவைப்பட்டுச்சு. ஆனா ஆறுதல் குடுக்குறதுக்கு கொண்டாட்ட வேஷம் எதுக்கு? ஸ்டூடியோ அலங்காரத்த குறைச்சு, போலி சத்தத்த நிறுத்தி, கீழ ஓடுற வரில ஊருக்கு ஊரு உதவி எண்ணப் போட்டு அதே மேட்ச்ச காட்டியிருக்கலாம். இதுக்கு பக்கத்துல ஒரு பத்திரிகைய வெச்சு பாருங்க, சென்னைய தலைமையிடமா கொண்ட நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ், ஏப்ரல் 25ல இனிமே நிலைமை சீராகுற வரைக்கும் ஐபிஎல் செய்தியே போடமாட்டோம்னு அறிவிச்சுது. விளையாட்டுப் பக்கத்துல அதிகம் படிக்கிறதே அதுதான், தெரிஞ்சேதான் விட்டாங்க. அதே சமயத்துல அஷ்வின் வீட்ல எல்லாரும் கொரோனாவோட போராடுறாங்கன்னு சொல்லி டெல்லி டீம விட்டு கெளம்பினாரு. பேட் கம்மின்ஸ் 50,000 டாலர் குடுத்தாரு. ஆட்டக்காரங்க அளவுக்கு கூட திரைல வருத்தம் தெரியல. கடைசில நம்ம வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் பாசிட்டிவ் வந்து, அடுத்தடுத்து மத்த டீம்லயும் வந்து, மே 4ல நிறுத்தினாங்க. பாகிஸ்தான் சூப்பர் லீக் மார்ச் 4ல இதே காரணத்துக்காக நின்னத ரெண்டு மாசம் முன்னாடியே பாத்திருந்தும் இது நடந்துச்சு.

விளம்பரத்துலேருந்து ஒதுங்கிக்கிட்ட ரெண்டு பேரையும் பாத்துடலாம். 2021 பிப்ரவரில அமெரிக்கன் ஃபுட்பாலோட ஃபைனலான சூப்பர் பவுல்ல பீர் பிராண்டான பட்வைசர் 37 வருஷத்துல முதல் தடவையா விளம்பரம் போடல, அந்த காச தடுப்பூசி விழிப்புணர்வுக்கு குடுக்குறோம்னுச்சு. நல்ல காரியம், ஆனா அதே கம்பெனியோட மத்த பீர் விளம்பரம் எல்லாம் அதே மேட்ச்ல ஓடுச்சு, அதனால பாதி மார்க்குதான். டொயோட்டா அப்போ ஒலிம்பிக்ஸோட உச்சகட்ட ஸ்பான்சரா இருந்துச்சு, 2021 ஜூலை 19ல, தொடக்க விழாவுக்கு நாலு நாள் முன்னாடி, ஜப்பான் டிவில ஒலிம்பிக்ஸ் விளம்பரமே போடப்போறதில்லன்னு சொன்னாங்க, தலைவர் அகியோ டொயோடா விழாவுக்கும் போகல. போட்டிக்கு வண்டி குடுக்குறத, வீரர்களுக்கு உதவுறத நிறுத்தல. அமெரிக்காவுல அவங்க விளம்பரம் வழக்கம்போல ஓடுச்சு, அது இரட்டை வேஷம்னு சிலர் சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன், எந்த ஊர்ல ஜனங்க இந்த ஒலிம்பிக்ஸே வேணாம்னு கொதிச்சுட்டு இருந்தாங்களோ அந்த ஊர்லதான நிறுத்தணும், நிறுத்தினாங்க. ஐபிஎல் மேட்ச்சுக்கு நடுவுல விளம்பரம் குடுத்த கம்பெனிகள்ல ஒண்ணாவது 2021 ஏப்ரல்ல நம்ம ஊர்ல இப்படி ஒதுங்கினத நான் பாக்கல.