லிங்க்ட்இன் எண்டார்ஸ்மென்ட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் கிளியரிங் தொழிலில், அதாவது சரக்கைக் கஸ்டம்ஸில் பேப்பர் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலையில், இருப்பவர்களில் லிங்க்ட்இன் கணக்கு இல்லாதவர் இன்று குறைவு. நானும் பல வருடமாக வைத்திருக்கிறேன். தொடர்பு பிடிக்கவும், எங்கே வேலை காலி என்று தெரிந்துகொள்ளவும் நன்றாகவே உதவுகிறது. நான் எழுத வந்தது அதிலுள்ள எண்டார்ஸ்மென்ட் வசதியைப் பற்றி மட்டும்.

2012-இல் வந்தது இது. ஒருவர் தனக்குத் தெரிந்த வேலைகளைத் தன் பக்கத்தில் பட்டியல் போட்டிருப்பார். பொத்தானை அழுத்தினால், 'ஆமாம், இவருக்கு இது தெரியும்' என்று நாம் சாட்சி சொன்னதாகக் கணக்கு. ஆரம்பத்தில் நான்கு பேரின் முகத்தைக் காட்டி, நால்வருக்கும் ஒரே அழுத்தில் சாட்சி சொல்லச் சொல்லும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் முடிந்துவிடும். 2009-இல் ஃபேஸ்புக்கில் லைக் வந்ததிலிருந்தே விரலுக்கு இது பழக்கம்தானே.

என் பக்கத்தில் 'கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்' என்பதற்குக் கீழே இருக்கும் பெயர்களில் ஒன்று, தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் காலேஜ் நண்பனுடையது. நான் ஒரு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் விவரப் பத்திரம்) போட்டு அவன் பார்த்ததே இல்லை. பாசத்தில் அழுத்தினான், அந்தப் பாசம் நிஜம். அதே பட்டியலில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணனும் இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் பக்கத்தில் உட்கார்ந்து, சுங்க வரி விவரம் இருக்கும் டாரிஃப் புத்தகத்தில் எந்தச் சரக்கு எந்தத் தலைப்பில் வரும் என்று காட்டியவர். எண்ணிக்கையில் அவர் சாட்சியும் ஒன்றுதான், நண்பன் சாட்சியும் ஒன்றுதான். சும்மா கிடைக்கும் பாராட்டு பெருகுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்து சொல்கிறவரின் சொல் அதில் காணாமல் போவதுதான் எனக்கு வலிக்கிறது.

எங்கள் ஆபீசில் ஆள் எடுக்கும்போது அந்த எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. ராயபுரத்திலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ ஒரு பையன் வந்தால், "யார் அனுப்பினாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அனுப்பியவருக்குப் போன் போகும். "வேலை தெரிஞ்ச பையன், நான் பொறுப்பு" என்று அவர் சொல்லிவிட்டால், நாளைக்குப் பையன் சொதப்பினால் அவர் பெயரும் சேர்ந்து கெடும். அதனால் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் வடசென்னையில் திறமை இருந்தும் இப்படிச் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். எண்டார்ஸ்மென்ட் உண்மையில் கைகொடுத்திருக்க வேண்டியது அவர்களுக்குத்தான்.

அதே தளத்தில் ரெகமண்டேஷன் என்றும் ஒன்று உண்டு. அதை உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதியவர் பெயர், தேதி, இருவரும் எப்படிச் சேர்ந்து வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் கூடவே தெரியும். வியாசர்பாடியிலிருந்து வந்து எங்களிடம் வேலை பார்த்த ஒரு தங்கைக்கு நான் எழுதியது இது: "இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறு எடை. சரக்கு நின்றுவிட்டது. டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுவதற்குள் சப்ளையரைப் பிடித்து, திருத்திய பேப்பர் வாங்கி, அன்று சாயங்காலமே சரக்கை வெளியே எடுத்தார்." அடுத்த இன்டர்வியூவில் அந்தச் சம்பவத்தை விவரமாகக் கேட்டிருக்கிறார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது எண்டார்ஸ் பொத்தானை நான் தொடுவதில்லை. கேட்பவர் கூட வேலை பார்த்தவர் என்றால் எழுதித் தருகிறேன். இல்லையென்றால், "உங்க வேலையை நான் பார்த்ததில்லையே, பார்த்தவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.