மகளின் முதல் துப்பாக்கி: கோலாலம்பூரில் ஓர் அறிமுக வகுப்பு
மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுவதால், 11 வயது மகளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்க நினைக்காமல், கோலாலம்பூரில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று நடத்தும் வகுப்பில் அவளைச் சேர்த்தேன். முதல் நாள் கொடுத்த, 4.5 மில்லிமீட்டர் குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கி பெரியவர்களுக்கானது. தோளில் பதியும் கட்டை நீளமாக இருந்ததால் அவள் கழுத்தை நீட்டியே குறிபார்த்தாள், பத்து நிமிடத்தில் இடக்கை நடுங்கத் தொடங்கியது. மறுவாரம் பயிற்றுநர், கட்டையின் நீளத்தையும் கன்னம் வைக்கும் பகுதியின் உயரத்தையும் மாற்றக்கூடிய எடை குறைந்த துப்பாக்கியைத் தாங்கியின்மேல் வைத்துச் சுடச் சொன்ன பிறகுதான், 10 மீட்டர் தொலைவு இலக்கில் குண்டுகள் ஓரிடத்தில் சேர்ந்தன. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆனால் குறிபார்த்து முடிக்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது என்பதில் சங்கத்தினர் ஒருமுறைகூடத் தளரவில்லை. அதற்காகவே அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டிவிட்டேன்.