க்ரூஸ் மாவட்டத்துக் குட்டிச் சாலைகள்: சில வருட சைக்கிள் அனுபவம்

பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்றால் ஆல்ப்ஸ் போனீர்களா, லுவார் ஆற்றங்கரைப் பாதை போனீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் சில வருடங்களாகத் திரும்பத் திரும்பப் போவது இரண்டுக்கும் தள்ளி, நாட்டின் நடுவில் லிமோஜ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் க்ரூஸ் மாவட்டத்துக்கும் அதற்குத் தெற்கே விரிந்துகிடக்கும் மில்வாஷ் மேட்டுநிலத்துக்கும். பாரீஸ் பக்கத்திலிருந்து போய்ச் சேரவே அரை நாள் போய்விடும். ஆனாலும் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் எனக்கு வேறு ஊர் ஞாபகத்துக்கு வருவதில்லை, காரணம் அந்தச் சாலைகள்.

அங்கே ஏன் அவ்வளவு அமைதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. 1851இல் க்ரூஸ் மாவட்டத்தில் 2.8 லட்சத்துக்கு மேல் ஜனம். இப்போது 1.2 லட்சம்கூட இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்களின் ஆண்கள் வருடா வருடம் கொத்தனார் வேலைக்குப் பாரீஸுக்கு நடந்தே போனார்கள், இன்று நாம் பார்க்கிற பாரீஸைக் கட்டியதில் அவர்கள் கை நிறைய இருக்கிறது. அப்படிப் போன கொத்தனார்களில் ஒருவரான மார்த்தான் நதோ பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார். முதலில் சீசனுக்குப் போனவர்கள், அப்புறம் குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஆனால் ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை போட்ட சாலைகள் அப்படியே நிற்கின்றன, தாரும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு ஜனத்துக்கான சாலை, பாதிக்கும் குறைவான ஜனம். சாதாரண நாளில் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஒரு கார்கூட வராமல் மிதித்திருக்கிறேன். மதியம் 12லிருந்து 2 வரை எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருப்பார்கள், அந்த இரண்டு மணி நேரம் சாலை முழுக்க உங்களுக்குத்தான்.

வழி கண்டுபிடிக்க நான் இன்னும் மிஷ்லின் காகித வரைபடத்தைத்தான் நம்புகிறேன். அதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சாலைகள் இருக்கும். வெள்ளையில் இருக்கும் குட்டிச் சாலைதான் நமக்கு வேண்டியது. சாலையின் மேல் சின்ன அம்புக்குறி ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் பார்க்க அழகான சாலை. போன் செயலிகள் நல்ல வழி காட்டுகின்றன, ஆனால் தூரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று திடீரென்று காட்டுக்குள் டிராக்டர் தடத்தில் இறக்கிவிடும். அதோடு பள்ளத்தாக்குகளில் சிக்னல் சுத்தமாகக் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. லிமோஜிலிருந்து உசேல் போகும் லோக்கல் ரயிலில் எமூத்தியேவில் இறங்குங்கள். (இந்த ரயில் வழியில் சான் லெயோனார் த நொப்லாவில் நிற்கும். ரேமோன் பூலிதோர் வாழ்ந்த ஊர். தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர், முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இன்றும் அவர்தான் நாயகன்.) எமூத்தியேவிலிருந்து வாசிவியேர் ஏரி, ஃபோ லா மோந்தாஞ், ஜான்தியூ, ஃபெல்த்தான் வழியாக ஒபூசோன். ஏரி ஆயிரம் ஹெக்டேர் அளவு, 1985 தூர் த பிரான்ஸில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் தன் முதல் ஸ்டேஜை (ஒரு நாள் ஓட்டத்தை) ஜெயித்தது இங்கேதான். ஜூலை, ஆகஸ்டில் ஏரியைச் சுற்றி மட்டும் கார்கள் அதிகம். அதைத் தாண்டிவிட்டால் செம்பழுப்பு நிற லிமூஸான் மாடுகள், ஊசியிலைக் காடு, கருங்கல் வீடுகள், அவ்வளவுதான்.

ஜான்தியூவில் கட்டாயம் இறங்கி நில்லுங்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு 1922இல் வைத்த நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. பிரான்ஸில் அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் ஒரு போர் நினைவுச்சின்னம் உண்டு, பெரும்பாலும் வீரம், தியாகம், தாய்நாடு என்று எழுதியிருக்கும். இங்கே பள்ளிச் சீருடையில் ஒரு அனாதைச் சிறுவன், முஷ்டியை மடக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் காட்டும் கல்லில் ‘போர் நாசமாய்ப் போகட்டும்’ என்று வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அந்த வழியாகப் போகும்போதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். போரைப் பார்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு அது வேறு மாதிரி தைக்கும்.

சாலையின் தரம். பார்க்க நன்றாக இருக்கும், உட்கார்ந்து ஓட்டினால் கரகரப்பு தெரியும், ஏனென்றால் தாரைத் தெளித்து மேலே ஜல்லிப்பொடியைத் தூவி விடுகிறார்கள், வண்டிகள் ஓடி ஓடித்தான் அது அழுந்த வேண்டும். கோடையில் ‘கிராவியோன்’ என்று மஞ்சள் பலகை வைத்திருந்தால் புதுசாகத் தூவியிருக்கிறார்கள் என்று பொருள், இறக்கத்தில் முன் பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள். 25 மில்லிமீட்டர் டயரில் ஆரம்பித்து, 28 போய், இப்போது 32இல் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தோடு ஓட்டுகிறேன். கை மரத்துப்போவது நின்றேவிட்டது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவழித்த காசுதான் நான் சைக்கிளுக்குச் செய்ததிலேயே உருப்படியான செலவு.

மலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மேட்டுநிலத்தின் உச்சியே 976 மீட்டர்தான். ஆனால் சமதளமும் இல்லை. ஆற்றுக்கு இறங்கு, ஏறு, அடுத்த ஓடைக்கு இறங்கு, மறுபடி ஏறு. 80 கிலோமீட்டரில் மொத்தமாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடும். முன் கியர்ச் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய கியர்ச் சக்கரத்தில் 34 பல் இருந்தால் முழங்காலுக்கு நல்லது.

இனி தண்ணீர், சாப்பாடு. ஜனம் குறைந்த ஊரில் கடையும் குறைவு, அமைதிக்கான விலை அதுதான். பேக்கரி மதியம் மூடும், பல ஊர்களில் திங்கட்கிழமை முழுநாளும் மூடல், ஞாயிறு மதியத்துக்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சில ஊர்களில் ரொட்டி கொடுக்கும் மெஷின் இருக்கிறது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நான் சைவம் என்பதால் ரொட்டி, சீஸ், தக்காளி. கூடவே பாரீஸ் லா ஷாப்பெல் தமிழ்க் கடையில் வாங்கிய கடலை மிட்டாய் பையில் எப்போதும் இருக்கும். பசி வந்து கால் தளரும்போது அதற்கு ஈடு எதுவும் இல்லை.

தண்ணீருக்கு இங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் போவது கல்லறைத் தோட்டத்துக்கு. பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக வாசல் பக்கம் ஒரு குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் பலகை போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னபோது அம்மா போனில், “ஏம்ப்பா, சுடுகாட்டுத் தண்ணியையா குடிக்கிற?” என்று பதறிவிட்டார். அங்கே போய்ப் பார்த்தால் புரியும். சுத்தமாகப் பெருக்கி, பூ வைத்து, உட்கார பெஞ்சு போட்டு, ஊரிலேயே நன்றாகப் பராமரிக்கிற இடம் அதுதான். தோட்டத்தில் நிற்கும் பெரியவர்களிடம் ‘போன்ஜூர்’ சொல்லி பாட்டிலைக் காட்டினாலும் போதும், உள்ளே கொண்டுபோய் நிரப்பித் தருவார்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள், அதுவே அரை மணி நேரம் ஓடும்.

கார் ஓட்டுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், எதிரே வண்டி வராதது நன்றாகத் தெரிந்தால் அதற்காகச் சாலை நடுவில் உள்ள தொடர்கோட்டைத் தாண்டலாம் என்று 2015இல் அனுமதியும் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் அதற்கும் மேலேயே இடம் விடுகிறார்கள். பயம் என்றால் மரம் ஏற்றிய லாரிகள்தான், சத்தம் கேட்டதும் ஓரம் கட்டி நின்றுவிடுவேன். ஊருக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை என்பதையும் மறக்கக் கூடாது.

சைக்கிள் கடை அடுத்த பெரிய ஊரில்தான். இரண்டு ட்யூப், பம்ப், செயின் இணைப்பு, பின் கியரைத் தாங்கும் சின்ன ஹேங்கர் ஒன்று, இவை இல்லாமல் கிளம்பாதீர்கள். மழைக்கோட்டும் வேண்டும், அட்லாண்டிக் மேகம் முதலில் முட்டுகிற மேடு இது, ஜூலையிலும் நனைந்திருக்கிறேன்.

போவதற்கு மே, ஜூன், இல்லாவிட்டால் செப்டம்பர் தொடக்கம். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம், காட்டோரச் சாலையில் பளிச்சென்ற மஞ்சள் மேலாடை அவசியம். பாரீஸ் ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷனிலிருந்து லிமோஜ் போகும் ரயிலில் சைக்கிளுக்குத் தனி ரிசர்வேஷன் வேண்டும், இடங்கள் மிகக் கொஞ்சம், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் முதலில் சைக்கிளுக்கு இடம் இருக்கிற ரயிலைத் தேடுங்கள், தங்கும் இடம் அதற்கு அப்புறம்.