ஜூபாவில் கடல் இல்லை

'தென் சூடானில் ஐ.நா. வேலை, மாதம் 1,800 டொலர்' என்ற விளம்பரம் மலையகத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி 85,000 ரூபா கட்டியவன் நான். நிவாரண வேலை செய்து பழகிய தம்பி தங்கைகள்தான் இதில் அதிகம் விழுவார்கள் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

டொலரைக் கண்டு மயங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்னை விழுத்தியது வேறொன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியபோது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். முகாமில் பெயர்ப் பட்டியல் எழுத உட்கார வைத்தார்கள். குடும்பத் தலைவர், லய இலக்கம், எத்தனை பேர், கைநாட்டு. லய இலக்கத்தைக் கேட்டால் சிலர் பதில் சொல்லாமல் மலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகு வெள்ளம், மண்சரிவு என்று எங்கே கூப்பிட்டாலும் போயிருக்கிறேன், பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும். அந்த ஓட்டத்தை ஒருவர் 'அனர்த்த நிவாரண அனுபவம்' என்று ஆங்கிலக் கடிதத்தில் அச்சடித்துக் கொடுத்ததும் தலை சுற்றிவிட்டது.

ஹட்டன் நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் மேசை போட்டிருந்தார் அந்த முகவர். "தம்பி, இது குவைத்துக்குப் போய்க் கஷ்டப்படுகிற வேலை இல்லை, சேவை" என்றார். நேர்முகத் தேர்வு முழுவதும் எழுத்திலேயே நடந்தது. மறுபக்கத்தில் ஒரு மனிதக் குரலைக்கூடக் கேட்கவில்லை. மருத்துவச் சோதனைக்கு 25,000, காப்புறுதிக்கு 20,000, பாதுகாப்புப் பயிற்சிக்கு 40,000. முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அப்போதாவது விழித்திருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலையைப் 'பேர்' என்போம். அப்போதைய 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் அந்தப் பணம் அம்மாவின் 63 பேர். அவ்வளவு சேமிப்பு எங்கே இருக்கிறது? தோடு அடகுக் கடைக்குப் போனது.

பத்து நாள் கழித்து, விசாவுக்கு இன்னொரு 60,000 கேட்டார்கள். அன்று இரவு அக்காவின் மகள் என் நியமனக் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'ஜூபா கடல் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குவதை மேற்பார்வை செய்தல்' என்று இருந்தது. ஜூபா, தென் சூடானின் தலைநகர். பாடசாலை வரைபடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். "மாமா, இந்த நாட்டுக்குக் கடலே இல்லையே!" உண்மைதான். கப்பலில் வரும் சரக்கு கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி, உகண்டா வழியாக லொறியில்தான் ஜூபாவுக்குப் போகிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. ஒரு சதம்கூடக் கேட்பதில்லை. எனக்கு 40,000 ரூபாவுக்கு விற்ற, ஐ.நா.வின் 'பீசேஃப்' பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. இன்னொன்று, நானே யோசித்திருக்க வேண்டியது. சாக்கு எண்ணவும் பட்டியல் எழுதவும் அந்தந்த நாட்டு ஆட்களைத்தான் எடுப்பார்கள், மீரியபெத்தையில் எங்களை உட்கார வைத்தது போல. நிவாரணத்தின் பெரும்பாரம் எங்கும் உள்ளூர்க்காரர் தோளில்தான். 2006 ஓகஸ்டில் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளரும் இலங்கையர்தான். தென் சூடானில் சாக்கு எண்ண ஹட்டனிலிருந்து ஆள் எதற்கு?

முகவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். யாராவது இப்படிக் காசு கேட்டால் முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த ஆளுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அழைத்தது காசு கட்டிய பிறகு.

போன வாரம் அதே விளம்பரம் மறுபடியும் வந்தது. நாட்டை மட்டும் சாட் என்று மாற்றியிருக்கிறார்கள். துறைமுகம் அப்படியே இருக்கிறது. சாட்டுக்கும் கடல் இல்லை.