ஆர்எஃப்ஐ-யை அழிக்கும் டூல்: ஓராண்டுக்கு மேல் புழங்கியதில் தெரிந்தவை

எங்கள் கட்டுமான அலுவலகத்தில் டிராயிங், ஆர்எஃப்ஐ (வேலையில் சந்தேகம் வந்தால் கன்சல்டன்ட்டிடம் எழுத்தில் கேட்கும் கேள்வி), சப்மிட்டல் (ஒப்புதலுக்கு அனுப்பும் ஆவணம்), தினசரி சைட் ரிப்போர்ட், பஞ்ச் லிஸ்ட் (கடைசியில் சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல்) எல்லாமே ஒரு கிளவுட் மென்பொருளில்தான் இருக்கின்றன. அதன் ஏபிஐ-யை (வேறு மென்பொருள் உள்ளே வந்து வேலை செய்வதற்கான வாசல்) எம்சிபி (ஏஐ-க்கு வெளி டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக ஏஐ உதவியாளரோடு இணைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. படித்துச் சொல்லும் டூல்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. "டவர் பி-யில் கன்சல்டன்ட் பதில் தராத ஆர்எஃப்ஐ எவை?" என்று கேட்டால் ஒழுங்காகப் பட்டியல் வருகிறது. நான் எழுத வந்தது அழிக்கும் டூலைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கு எழுதப்பட்டிருந்த விளக்கத்தைப் பற்றி.

மென்பொருள் நிறுவனம் தந்த ஆவணத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஆர்எஃப்ஐ-யை நீக்கும், வெற்றி என்றால் 204 வரும். 204 என்றால் வெறும் பதில், உள்ளே ஒன்றும் இருக்காது. இணையத்தில் மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் எச்டிடிபி தரத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 9110 ஆவணத்தைப் புரட்டினாலும் தெளிவு பிறக்காது. டெலீட் என்ற கட்டளை அந்த முகவரிக்கும் தகவலுக்கும் உள்ள தொடர்பை அறுக்கச் சொல்வது மட்டுமே. உள்ளே இருக்கும் தகவல் உண்மையிலேயே அழிகிறதா என்பது சர்வரின் விருப்பம். அப்படியானால் அதைச் சொல்ல வேண்டியது மென்பொருள்காரரின் ஆவணம்தானே? இணைத்த போட்டோக்கள் என்ன ஆகும், அந்த எண் வேறொன்றுக்குப் போகுமா, ரீசைக்கிள் பின் உண்டா, யார் மீட்கலாம் என்று ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும் சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கான தனி இடம்) போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆர்எஃப்ஐ ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது, அட்மின் மீட்கலாம். ஆனால் மீட்டபின் சேஞ்ச் ஆர்டரோடு (ஒப்பந்த வேலையில் மாற்றத்துக்கான உத்தரவு) இருந்த இணைப்பு திரும்ப வருவதில்லை. தினசரி ரிப்போர்ட்டுக்கோ ரீசைக்கிள் பின்னே கிடையாது, போனது போனதுதான். ஒரே 'டெலீட்' ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பொருளில் வேலை செய்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று ஐடி நண்பர்கள் கேட்பார்கள். ஆர்எஃப்ஐ என்பது சந்தேகக் கேள்வி மட்டுமல்ல. என்றைக்குக் கேட்டோம், என்றைக்குப் பதில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஃபிடிக் (சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரி) ஒப்பந்தங்களில், கால நீட்டிப்போ கூடுதல் தொகையோ கேட்பதற்கான நிகழ்வு தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நாளை நிரூபிக்கக் கையில் இருப்பவை இந்தப் பதிவுகள்தான். 41-க்கு அப்புறம் 43 என்று பட்டியல் போனால், எதிர்த்தரப்பு முதலில் கேட்பது 42 எங்கே என்றுதான்.

பொதுப்பணித் துறை வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எம் புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) பக்கங்களுக்கு எண் உண்டு, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எழுதியதைச் சுரண்டக் கூடாது. தப்பு என்றால் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஆட்டோடெஸ்க்கின் கட்டுமான மென்பொருளான பிம் 360-இன் ஏபிஐ-யில் இதே புத்தி தெரிகிறது. அதன் டாக்ஸ் பகுதியில் ஒரு கோப்பை நீக்க வேண்டுமென்றால் டெலீட் அனுப்புவதில்லை. 'நீக்கப்பட்டது' என்ற வகையில் ஒரு புதிய பதிப்பைச் சேர்க்கிறோம். முந்தைய பதிப்புகளின் மேல் ஓர் அடித்தல் கோடு விழுகிறது, அவ்வளவுதான். முதலில் பார்த்தபோது சுற்றி வளைப்பதாகத் தோன்றியது. இப்போது எல்லோரும் ஏன் இப்படிச் செய்வதில்லை என்று தோன்றுகிறது.

எம்சிபி பக்கம் வருவோம். 2025 மார்ச் பதிப்பிலிருந்து டூல்களுக்கு அடையாளக் குறிப்புகள் தரலாம்: படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, திரும்ப அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா என்று. எதையும் குறிப்பிடாமல் விட்டால், மாற்றம் செய்யும் டூல், அழிக்கவும் கூடியது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. ஜாக்கிரதையான ஏற்பாடுதான். ஆனால் எங்களுக்குக் கிடைத்த கனெக்டரில் (மென்பொருளை ஏஐ-யோடு இணைக்கும் துணுக்கு) எந்தக் குறிப்பும் இல்லை. விளைவு, ஆர்எஃப்ஐ-யில் ஒரு கமென்ட் சேர்த்தாலும் 'அனுமதிக்கவா?', ஆர்எஃப்ஐ-யையே அழித்தாலும் அதே 'அனுமதிக்கவா?'. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பார்க்காமலே 'சரி' தட்டும் பழக்கம் வந்துவிட்டது. எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் வந்தால் அதை யார் படிப்பார்கள்?

சரியாகக் குறித்தாலும் அது வெறும் ஆம்/இல்லை விவரம்தான். மீட்கலாமா, எதையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்பதை விளக்க வாசகத்தில்தான் எழுத முடியும். அந்த வாசகத்தை மனிதர் மட்டும் படிப்பதில்லை, ஏஐ மாடலும் படிக்கிறது. கனெக்டரோடு வந்த விளக்கத்தில் 'தேவையற்ற பதிவுகளை நீக்கித் திட்டத்தைச் சுத்தமாக வைக்க' என்று விற்பனைப் பேச்சு மாதிரி ஒரு வரி இருந்தது. பிளானிங் பார்க்கும் பெண் ஒருநாள் "பழைய ஆர்எஃப்ஐ எல்லாம் கிளீன் பண்ணிடு" என்றார். அவர் நினைத்தது, பதில் வந்ததை க்ளோஸ் செய்வது. உதவியாளர் அழிப்பதற்கு வரிசை கட்டி நின்றது. அனுமதிப் பெட்டியில் ஆர்எஃப்ஐ-யின் தலைப்புகூட இல்லை, உள் அடையாள எண் மட்டும். நல்லவேளை, பயிற்சிக்கான ப்ராஜெக்ட்.

அந்த விளக்கத்தைத் தூக்கிவிட்டு நாங்களே எழுதினோம். முதல் வரியே 'க்ளோஸ் செய்ய இதைப் பயன்படுத்தாதே, அதற்கு வேறு டூல் உண்டு' என்று தொடங்குகிறது. அடுத்து எது மீளும், எது மீளாது. அப்புறம் 404-க்கு ('கேட்டது இங்கே இல்லை' என்ற பதில்) ஒரு வரி. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சைட்டில் நெட் விட்டுவிட்டு வரும். முதல் அழைப்பு வேலையை முடித்திருக்கும், பதில் வந்து சேராது, உதவியாளர் மறுபடி அழைக்கும். இரண்டாவது முறை 404 வரும், அது "அப்படி ஒரு ஆர்எஃப்ஐ இல்லை" என்று சொல்லும். கேட்டவர் எதுவும் அழியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு மாற்றத்தில் எனக்கு ரொம்பத் திருப்தி. அமேசானின் கிளவுட் சர்வர் சேவையான இசி2-வில் ட்ரை ரன் (ஒத்திகை) என்று கேட்டால், செய்யாமலே அனுமதி இருக்கிறதா என்று சொல்லும். அதைக் கொஞ்சம் நீட்டி, உதவியாளருக்கும் மென்பொருளுக்கும் நடுவே நாங்கள் வைத்திருக்கும் இடைநிலை சர்வரில் அழிப்பதை இரண்டு படியாக்கினோம். முதல் படி, என்னென்ன போகும் என்று எண், தலைப்பு, இணைப்புகளோடு பட்டியல் தந்து ஒரு டோக்கனும் (தற்காலிக அனுமதிக் குறியீடு) தரும். சில நிமிடத்தில் அது காலாவதியாகிவிடும். அந்த டோக்கனும் ஒரு காரண வாக்கியமும் இல்லாமல் இரண்டாம் படி நகராது. சைட் ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். காரணம் எழுதச் சொன்னதும் பாதிப் பேர் அழிக்காமல் க்ளோஸ் செய்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் புது ஏஐ காலத்துத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். 2005-இல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர், பக்கத்திலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து பார்த்தபோது, சாதாரண லிங்க்காக வைத்திருந்த 'டெலீட்'களும் இயங்கி, 37சிக்னல்ஸ் பயனர்களின் பதிவுகள் அழிந்தன. அதுவும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் செய்கிற நிறுவனம்தான்.

மொத்தத்தில் இந்த இணைப்பு வேண்டுமா என்றால், வேண்டும். தேடும் நேரம் நிறைய மிச்சம். வாங்கிய அன்றே அழிக்கும் டூல்களை அணைத்துவிட்டு, உதவியாளரின் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்துத் தொடங்குங்கள். எங்களிடம் அழிக்கும் டூல் ஆர்எஃப்ஐ-க்கும் பஞ்ச் லிஸ்ட்டுக்கும் மட்டும் திறந்திருக்கிறது. மொத்தமாக அழிக்கும் வசதியை யாருக்கும் தரவில்லை. தினசரி ரிப்போர்ட்டுக்கு ரீசைக்கிள் பின் கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும்வரை அந்த டூல் மூடியே இருக்கும்.