ஃபோர்ட்ரானை எங்கிருந்து தொடங்குவது: 77, 90, அல்லது தொடாமலே ஜூலியா?

பதினான்கு வருடம் ஜாவாவும் பைத்தானும் எழுதிவிட்டு, இனிமேல் எந்த மொழி வந்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்ற மிதப்பில் இருந்தேன். அப்போதுதான் ஒரு நதிநீர்க் கணிப்பு நிரல் என் தலையில் விழுந்தது. நாற்பதாயிரம் வரிகள், ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில். பாதிக்கு மேல் பெரிய எழுத்திலேயே கத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஆறு இடைவெளி. எழுதியவர் பணி ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

பெரியப்பாவிடம் கேட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பொறியியல் படித்தபோது அட்டையில் துளை போட்டு ஃபோர்ட்ரான் எழுதியவர். “77 தெரியாம அந்தக் கோடு உனக்குப் புரியாதுடா, அங்கேயிருந்து ஆரம்பி” என்றார். 77 என்பது ஃபோர்ட்ரானின் பழைய பதிப்பு, 90 அதற்குப் பின் வந்த நவீன பதிப்பு. அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது இளைய தம்பி ஒருவன், “அதை எதுக்குண்ணா தொடுறீங்க? ஜூலியாவுல புதுசா எழுதிடலாம்” என்றான். ஜூலியா கணக்கீட்டுக்கான புது மொழி. இணையத்தில் மூன்றாவது கட்சி இருந்தது: பழசை மறந்துவிட்டு நேராக நவீன ஃபோர்ட்ரானைப் படி. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நடுநிலையான அலசல் அல்ல, எனக்கு ஒரு பக்கம் உண்டு.

முதலில், செத்துப்போன மொழியை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி. சாகவில்லை என்பதுதான் பதில். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு 704 கணினிக்காக 1957-இல் வெளியிட்ட மொழி இது. கடைசியாக வந்த தர வரையறை ஃபோர்ட்ரான் 2023. டிசம்பரில் வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவானால் நாம் எல்லோரும் எட்டிப் பார்க்கிறோமே அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் வானிலை மாதிரி, ஐரோப்பிய மாதிரி என்று, அவை இரண்டின் உள்ளேயும் ஓடுவது பெரும்பாலும் ஃபோர்ட்ரான்தான். பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையில் ஒரு சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கச் சொன்னால் அடியில் போய்க் கூப்பிடுவது லாபேக் லைப்ரரியை. அதன் தாய்மொழியும் இதுவே.

77-இலிருந்து போகும் வழி

பெரியப்பா சொன்னபடி இதைத்தான் முதலில் எடுத்தேன். 77-ஐப் படிப்பது மொழி கற்பது மாதிரியே இல்லை, ஒரு அட்டையின் அளவைக் கற்பது மாதிரி இருந்தது. துளையட்டையில் 80 பத்திகள். முதல் ஐந்தில் வரி எண், ஆறாவதில் ஏதாவது குறி இருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி, 7 முதல் 72 வரை நிரல், மிச்ச எட்டில் அட்டைகள் கீழே கொட்டினால் அடுக்குவதற்கான எண். அட்டை போய்விட்டது, பத்திக் கணக்கு மட்டும் கோப்புக்குள் தங்கிவிட்டது.

இதன் விலையை நேரடியாகவே கொடுத்தேன். ஒரு நீண்ட கூட்டல் வரியின் கடைசியில் ஆற்றின் அடிநீரோட்டத்தைச் சேர்த்தேன். ஐந்தெழுத்து மாறி. அதில் மூன்று எழுத்து 72-ஆம் பத்திக்குள் அடங்கியது, இரண்டு எழுத்து வெளியே போய்விட்டது. வெளியே போனதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கண்டுகொள்ளாது. சரி, மூன்றெழுத்தில் ஒரு மாறி இல்லையே, திட்டாதா? திட்டாது. அறிவிக்காத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்தில் தொடங்கினால் முழுஎண், இல்லாவிட்டால் தசம எண் என்று 77 தானே முடிவு செய்துகொள்ளும். ஆக, புதிதாக ஒரு மாறி பிறந்தது. என் நேரத்துக்கு அதற்குள் பூச்சியம் இருந்தது. கோடை மாதங்களில் ஆறு வற்றிப்போனது. அது பனி உருகி வருடம் முழுக்க ஓடுகிற ஆறு. ஆனால் நான் வைகைக் கரையில் வளர்ந்தவன், கோடையில் ஆறு வற்றினால் எனக்கு என்ன சந்தேகம் வரும்? இரண்டு நாள் கழித்து வேறொருவர்தான் கேட்டார். எச்சரிக்கைகளை முடுக்கிவிட்டிருந்தால் கம்பைலரே சொல்லியிருக்கும். நான் முடுக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை, பழைய வடிவத்தில் இடைவெளிக்கு மதிப்பே கிடையாது. ‘டூ 10 ஐ = 1,10’ என்றால் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்துவிட்டால் ‘டூ10ஐ’ என்ற மாறிக்கு 1.10 என்று மதிப்பு கொடுத்ததாக ஆகிவிடும். (1962-இல் மரைனர் 1 விண்கலத்தைக் கவிழ்த்தது இந்தப் புள்ளிதான் என்று ஒரு கதை உலவுகிறது. அது ஒட்டவைத்த கதை. வழு மட்டும் நிஜம்.)

இவை தவிர காமன் பிளாக் என்ற ஒன்று இருக்கிறது. பல சப்ரூட்டின்கள் (தனித்தனியாக அழைக்கும் நிரல் துண்டுகள்) பங்கு போட்டுக்கொள்ளும் பொது நினைவகம் அது. பெயரால் அல்ல, வரிசையால் பங்கு போடுவார்கள். ஒரு கோப்பில் நான்காவதாக இருக்கும் மாறியை இன்னொரு கோப்பில் வேறு பெயரில் எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் பழைய நிரலைப் படிக்கவே முடியாது. அந்த அளவில் பெரியப்பா சொன்னது சரி. ஆனால் படிக்கத் தெரிந்தால் போதும். கல்வெட்டு வாசிக்கப் பழகுகிறவர் வட்டெழுத்தில் கடிதம் எழுதிப் பழகத் தேவையில்லையே. அனுபவமுள்ள நிரலாளருக்கு 77-ஐ வாசிக்க ஒரு வாரம் தாராளம். அதில் எழுதிப் பழகும் ஒவ்வொரு நாளும் பின்னால் மறக்க வேண்டிய பழக்கத்துக்குச் செலவழித்த நாள்.

90-இலிருந்து தொடங்கும் வழி

ஃபோர்ட்ரான் 90 வந்தபோது பத்திக் கணக்கு கட்டாயமில்லாமல் போய்விட்டது. நிரலைப் பகுதிகளாகக் கட்டும் மாட்யூல் வந்தது, ஓடும்போது அளவு தீர்மானிக்கும் அரே (எண்களின் அடுக்கு) வந்தது, அரேயைத் துண்டாகவும் முழுதாகவும் ஒரே வரியில் கூட்டிப் பெருக்கும் வசதி வந்தது. நம்பை தெரிந்தவருக்கு இது பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரி. 2003-இல் பொருள்நோக்கு வசதிகளும் சி மொழியோடு முறையாகப் பேசும் வழியும், 2008-இல் பல செயலிகளில் பகிர்ந்து ஓடும் கோஅரேயும் சேர்ந்தன. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று அறிவிக்கலாம், மீறினால் கம்பைலரே தடுக்கும். இது ஜாவாவில் எனக்குக் கிடைக்காத சுகம், உண்மையாகவே.

அதனால் இரண்டாவது வாரமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போல் தோன்றியது. 77-இல் எல்லாமே விசித்திரம் என்பதால் காலைப் பார்த்துத்தான் வைப்போம். நவீன ஃபோர்ட்ரானில் எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும், அதில் நாலைந்து முகம் மட்டும் வேறு ஆள். மாட்டுவது அங்கேதான்.

மூன்று துணைப்படுகைகளுக்கு மழையளவைக் கூட்டும் ஒரு சப்ரூட்டின் எழுதினேன். உள்ளே ‘மொத்தம்’ என்ற மாறியை அறிவிக்கும் வரியிலேயே பூச்சியம் என்று மதிப்பும் கொடுத்தேன், பதினான்கு வருடப் பழக்கம். வர வேண்டிய விடை 10, 20, 30. வந்தது 10, 30, 60. ஃபோர்ட்ரானில் அறிவிப்பு வரியில் கொடுக்கும் மதிப்பு நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான். அதன்பின் அந்த மாறி சாகாது, அடுத்த அழைப்புக்குப் பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டே வரும். பூச்சியம் போடுவதைத் தனி வரியாகக் கீழே எழுதினால் சரியாகிவிடும். ஜாவாக்காரன், சிக்காரன் யாரும் இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டான். வரி அவ்வளவு யோக்கியமாக இருக்கும்.

அப்புறம் 0.1. இரட்டைத் துல்லிய மாறி (ஒற்றையைவிட அதிக இலக்கம் தாங்குவது) ஒன்றுக்கு 0.1 என்று கொடுத்து அச்சிட்டுப் பாருங்கள், 0.10000000149011612 என்று வரும். இடப்பக்கம் இரட்டைத் துல்லியம் என்பதற்காக வலப்பக்க எண்ணை மொழி உயர்த்திப் பார்க்காது. 0.1 என்று வெறுமனே எழுதினால் அது ஒற்றைத் துல்லியம்தான், ஒன்பதாவது இலக்கத்திலிருந்து குப்பை. எண்ணுக்குப் பின்னால் அதன் வகையையும் ஒட்டி எழுத வேண்டும். பல லட்சம் காலப்படிகள் ஓடும் கணக்கில் இந்தக் குப்பை சும்மா இருக்காது.

‘ஐ வரம்புக்குள் இருந்து, மேலும் அரேயின் ஐ-ஆவது மதிப்பு நேர்மமாக இருந்தால்’ என்று ஒரே நிபந்தனையில் எழுதுவதும் ஆபத்து. முதல் பாதி பொய்யானால் இரண்டாம் பாதியைப் பார்க்காமல் விடுவேன் என்று ஃபோர்ட்ரான் வாக்குக் கொடுப்பதில்லை. இரண்டு ‘இஃப்’ ஆகப் பிரித்துவிடுவதே பத்திரம்.

வேகத்துக்காக வருகிறவர்கள் அரே நினைவகத்தில் படுத்திருக்கும் திசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சியிலும் நம்பையிலும் வழக்கமாக வரிசை வரிசையாக, இங்கே பத்தி பத்தியாக. 5000-க்கு 5000 இரட்டைத் துல்லிய அரே என்றால் 200 எம்பி. முதல் சுட்டெண் உள் லூப்பில் ஓடினால் பக்கத்துப் பக்கத்து எண்களாக எடுக்கும். கணினி ஒரே தடவையில் அள்ளும் 64 பைட் கேஷ் வரி ஒன்றில் எட்டு எண்கள் சேர்ந்தே வரும். சியில் எழுதுவதுபோல் மாற்றிப் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் 40,000 பைட் தாண்டிக் குதிக்கும். விடை ஒன்றுதான், காத்திருப்பது வேறு.

குறைகளும் இருக்கின்றன. எழுத்துச் சரங்களைக் கையாள்வது இன்னும் அவஸ்தை. ஜாவாவில் இருப்பது போல் பிழையைப் பிடிக்கும் எக்ஸெப்ஷன் கிடையாது, பெயரைக் கொடுத்து மதிப்பைத் தேடும் ஹாஷ் மேப் மொழியோடு வராது. ஒரு உள்ளமைவுக் கோப்பைப் படிக்க நான் எழுதிய நிரலை யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனால் கருவிகள் முன்பைப் போல இல்லை. ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் இலவசம், எல்எல்விஎம் திட்டத்தின் ஃபிளாங் கம்பைலரும் வந்துவிட்டது, எஃப்பிஎம் என்ற தொகுப்பு மேலாளரும் இருக்கிறது. அறிவிக்காத மாறிக்குத் தடை, அரே எல்லைச் சோதனை, மதிப்பு கொடுக்காத தசம மாறிகளில் ‘எண் அல்ல’ என்ற குறியை நிரப்புவது, இவை மூன்றையும் முதல் நாளே முடுக்கிவிடுங்கள். மேலே நான் புலம்பியதில் பாதி எனக்கு நடந்தே இருக்காது.

ஜூலியாவும் சி++-உம்

தம்பி சொன்னது முட்டாள்தனம் இல்லை. ஜூலியா 2012-இல் அறிமுகமாகி 2018-இல் 1.0 ஆனது. அரே எண்ணிக்கை 1-இல் தொடங்கும், பத்தி பத்தியாகவே அடுக்கும், அதனால் ஃபோர்ட்ரான் லைப்ரரிக்கு அரேயைத் திருப்பாமல் அப்படியே கொடுக்கலாம். எழுதப் பைத்தான் போல, ஓட்டக் கம்பைல் செய்த மொழி போல. ஒரே ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியை ஒரு சமயம் முழுஎண்ணாகவும் மறு சமயம் தசமமாகவும் வைத்தால் மட்டும் வேகம் படுத்துவிடும், சத்தமில்லாமல். வெற்றுத் தாளிலிருந்து புதுக் கணிப்பு மாதிரி ஒன்றை எழுதுவதாக இருந்தால் நான் ஜூலியாவைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

என்னிடம் இருந்தது வெற்றுத் தாள் இல்லையே. இரண்டு சப்ரூட்டின்களை மாற்றி எழுதிப் பார்த்தேன். விடை பன்னிரண்டாவது இலக்கத்தில் வேறுபட்டது. இது என் தப்பா, அல்லது கூட்டல் வரிசை மாறியதாலா? 0.1-உம் 0.2-உம் கூட்டிப் பிறகு 0.3 சேர்த்தால் 0.6000000000000001. பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6. கணினிக் கூட்டலில் வரிசை மாறினால் விடையும் கொஞ்சம் மாறும். ஆகவே ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் இது பிழையா, முழுதாக்கலா என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியிருந்தது. பழைய நிரல் ஏன் அப்படிக் கூட்டுகிறது என்று அறிய ஃபோர்ட்ரானைப் படித்தே தீர வேண்டும். தொடாமல் தப்பிக்க நினைத்த மொழியைத் தொட்டுத்தான் மாற்றி எழுத முடியும் என்றால், தப்பித்தது எங்கே?

சி++ பற்றிச் சுருக்கமாக. கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியூவில் ஓடியே ஆக வேண்டும், கையில் ஒரு படை இருக்கிறது என்றால் சரி. மூலக்கூறு அசைவைக் கணிக்கும் லேம்ப்ஸ் மென்பொருள் ஃபோர்ட்ரானிலிருந்து சி++-க்கு மாறித்தான் இன்றைய நிலைக்கு வந்தது. அமெரிக்காவின் ஸ்க்ரீம் வளிமண்டல மாதிரியும் ஜிபியூவுக்காக சி++-இல் எழுதியதே. ஆனால் பிரிட்டிஷ் வானிலைத் துறை தன் புதிய எல்எஃப்ரிக் மாதிரியின் அறிவியல் பகுதியை ஃபோர்ட்ரானிலேயே எழுதி, இணை ஓட்டத்துக்கான நிரலைக் கருவியால் உருவாக்கிக்கொள்கிறது. தனி ஆளாக உட்கார்ந்திருந்த எனக்கு இந்த வாதத்தில் இடமே இல்லை.

கடைசியில் நான் செய்தது இது. ஒரு வாரம் 77-ஐ வாசிக்கப் பழகினேன், ஒரு மாதம் நவீன ஃபோர்ட்ரானில் எழுதினேன், வெளியே, ஃபோர்ட்ரானைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் எஃப்2பை கொண்டு பைத்தான் உறை போட்டுச் சோதனைகளைப் பைத்தானில் வைத்துக்கொண்டேன். கோப்பு படிப்பது, வரைபடம் போடுவது எல்லாம் அந்தப் பக்கம். இங்கும் ஒரு சின்ன முள்: வரிசையாக அடுக்கிய நம்பை அரேயை உள்ளீடாகக் கொடுத்தால் எஃப்2பை சொல்லாமல் கொள்ளாமல் பிரதி எடுத்து அனுப்பும். பெரிய அரே என்றால் நினைவகம் இரட்டிப்பாகும். ஃபோர்ட்ரான் வரிசையிலேயே அரேயை உருவாக்கிவிட்டால் தொல்லை இல்லை.

போன தீபாவளிக்குப் பெரியப்பாவிடம் மடிக்கணினியில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இது ஃபோர்ட்ரானா?” என்றார். ஆமாம் என்றேன். “ஆறாவது பத்தியில நீ பாட்டுக்கு எழுதியிருக்கியேடா.”