சுகிஜியா, நிஷிகியா?

ஜப்பானில் ஓர் உணவுச் சந்தையையும் ஆலயத்தையும் வழிகாட்டியுடன் நடந்தே காண விரும்புவோர், டோக்கியோவின் சுகிஜி வெளிச்சந்தைக்கும் கியோட்டோவின் நிஷிகிக்கும் இடையே தடுமாறுவதுண்டு.

நேரம்: சுகிஜியில் விடியலிலேயே வியாபாரம் தொடங்கிப் பிற்பகலில் ஓய்ந்துவிடும், ஞாயிறும் புதனும் பல கடைகள் திறப்பதில்லை. நிஷிகிக்குப் பத்து மணிக்கு மேல் போனால் போதும்.

மழை: நிஷிகி சுமார் 390 மீட்டர் நீளமுள்ள, கூரையிட்ட ஒற்றைத் தெரு. சுகிஜிக்குக் குடை வேண்டும்.

உணவு: சுகிஜியிலிருந்த மீன் மொத்தச் சந்தை 2018இல் டோக்கியோவின் டோயோசு பகுதிக்கு மாறியபோதும், சுகிஜியின் சுஷிக் கடைகளும் குச்சியில் செருகித் தரும் முட்டைச் சுருளும் அங்கேயே இருக்கின்றன. அம்முட்டையிலும் பெரும்பாலும் மீன்சாறு கலந்திருக்கும் என்பதைச் சைவர்கள் கவனிக்க வேண்டும். நிஷிகியில் ஊறுகாய், சோயாப்பால் ஆடை, 1560இல் தொடங்கிய அரிட்சுகு கத்திக்கடை ஆகியவை உண்டு. ஆனால் நடந்துகொண்டே தின்பதை அங்கு விரும்புவதில்லை.

ஆலயம்: கடலைத் தூர்த்தபோது அலை அடங்க எழுந்ததாகச் சொல்லப்படும் சுகிஜியின் நமியோகே ஆலயத்தில், மனிதர் உண்ட இறாலுக்கும் முட்டைக்கும்கூட நன்றிக் கற்கள் நட்டிருக்கிறார்கள், வழிகாட்டி இல்லையென்றால் இவற்றை வெறும் பாறைகளென்று கடந்துவிடுவோம். நிஷிகியிலுள்ள நிஷிகி தென்மாங்கு, கல்வித் தெய்வமாக வணங்கப்படும் பழங்கால அறிஞர் மிச்சிசானேயின் ஆலயம். அதன் தோரண வாயிலின் இரு முனைகளும் பக்கத்துக் கட்டடச் சுவர்களுக்குள் நுழைந்திருப்பது வேடிக்கையான காட்சி.

மீன் பிரியர்களுக்கும் அதிகாலையில் எழுவோருக்கும் சுகிஜியே ஏற்றது. முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால், சமையல் பொருள்கள் வாங்கும் எண்ணமிருந்தால், நிஷிகிக்குச் செல்லலாம்.